வாசகரை வளர்த்தெடுத்த நாளேடுகள்

தமிழ் ஏடு நடத்திக் கைப்பொருளை இழந்தவர்களின் பட்டியல் நீளமானது. அதனைப் பெருமையோடு சொல்லும் வழக்கமும் நம்மிடையே உண்டு. ஆயினும் ஏடு நடத்துதல் அறப்பணி மட்டுமன்று. அச்சுக்கூடம், தாள், மை, பணியாளர் ஊதியம், அஞ்சல் செலவு எனத் திங்கள்தோறும் பணம் கேட்கும் தொழிலும் ஆகும். அது நிலைக்க வேண்டுமெனில் நாள்தோறும் காசு கொடுத்து வாங்கும் வாசகர் வேண்டும். அவ்வாசகரைக் கருதி விளம்பரம் தரும் வணிகரும் வேண்டும். மலாயாவில் அத்தகைய தமிழ் வாசகர் எங்கிருந்து வந்தனர்? ஆசிரியப் பெருமக்களும் பெற்றோர்களும் இவ்வினாவைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. விடையின் ஒரு பகுதி நம் பள்ளிகளில்தான் இருக்கிறது.

கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' 1924ஆம் ஆண்டு நரசிம்ம ஐயங்காரால் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில்தான் திருவாரூரிலிருந்து இருபத்தோரு வயது இளைஞர் ஒருவர் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்தார். அவரே பின்னாளில் 'தமிழவேள்' எனப் போற்றப்பட்ட கோ. சாரங்கபாணி. கணக்கெழுதும் வேலையில் அமர்ந்த அவர், 1929இல் தொடங்கிய 'முன்னேற்றம்' இதழின்வழி எழுத்துத் துறையில் கால் ஊன்றினார். 1935 ஜூலை 6ஆம் நாள் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வார ஏடாகத் 'தமிழ் முரசு' வெளிவந்தது. சங்கத்தால் தொடர்ந்து பொருட்சுமையைத் தாங்க இயலாத நிலையில் சாரங்கபாணியே ஏட்டைத் தம் பொறுப்பில் ஏற்றார். 1937இல் அது நாளேடாயிற்று.

சிங்கப்பூரில் அச்சாகி மலாயாவிலும் விற்பனையான அவ்வேட்டை யார் படித்தனர்? துறைமுகத்திலும் இருப்புப்பாதையிலும் நகராண்மைப் பணியிலும் தோட்டப்புறங்களிலும் உழைத்த மக்களே பெரும்பான்மையினர். அவர்களுள் எழுத்தறிந்தோர் சிலரே. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றி அமர்ந்து கேட்பது அக்கால வழக்கம். கடைத்திண்ணையில் கிடக்கும் ஒரே படி மாலைக்குள் பல கைகள் மாறிவிடும். ஏட்டின் செல்வாக்கு அதன் விற்பனையைவிடப் பெரிதாக இருந்தமைக்கு இதுவே காரணம். நடத்துபவருக்கோ இது சங்கடமான பெருமை. கேட்போர் பத்துப் பேராயினும் காசு கொடுப்பவர் ஒருவர்தாமே!

சாரங்கபாணி எல்லோரையும் மகிழ்விக்க முயலவில்லை என்பதை ஈண்டுக் குறிப்பிட வேண்டும். சாதி வேற்றுமை, கள்ளுக்கடை, சடங்குகளுக்காகக் கடன்படுதல் ஆகியவற்றைச் சாடிய சீர்திருத்த ஏடு பகையையும் தேடிக்கொள்ளவே செய்யும். வாங்குவோர் எண்ணிக்கை ஒன்றையே நோக்கும் வணிகர் இதனை அறியாமை என்பர். ஆனால் தன் கருத்தை மறைக்காத ஏட்டை, அக்கருத்தில் மாறுபடுவோரும் நம்புவர் என்றே நான் கருதுகிறேன். அது விலைக்கு எழுதவில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது.

நம் கவனத்திற்குரிய மாற்றம் போருக்குப்பின் நிகழ்ந்தது. 1950ஆம் ஆண்டில் 'தமிழ் நேசன்' நாளேட்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தினர். சிறுகதை எழுதும் முறையை நாளேட்டின் பக்கங்களிலேயே பாடமாகக் கற்பித்தனர். வாசகர் பயிற்சி எழுதி அனுப்பினர். எழுதியவை மதிப்பிடப்பட்டன, பிழைகள் சுட்டிக்காட்டப்பட்டன. உண்மையான வகுப்பறை போலவேதான் அது நடந்தது. மலேசியச் சிறுகதை வரலாறு எழுதுவோர் எவரும் இதனைத் தவிர்ப்பதில்லை. அதே பத்தாண்டில் எழுத்தாளர் கு. அழகிரிசாமியும் தமிழகத்திலிருந்து வந்து 'நேசன்' ஆசிரியர் குழுவில் பணியாற்றி இளம் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டினார்.

'தமிழ் முரசு' இன்னும் இளையோரிடம் சென்றது. 1950களின் தொடக்கத்தில் 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியை அது தொடங்கிற்று. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கவிதையும் கட்டுரையும் அங்கே அச்சேறின. அச்சில் தன் பெயரைக் காணும் பிள்ளையின் முகத்தை ஆசிரியர் என்ற முறையில் நாம் அறிவோம். அன்றைய ஏட்டை அப்பிள்ளையின் தந்தை வாங்குவார், மாமா வாங்குவார், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் ஒரு படியை மடித்துப் பெட்டியில் வைப்பார். வாசகரைப் பெருக்கும் உத்தி என்றும் இதனைச் சொல்லலாம். அப்படிச் சொல்வதில் இழுக்கொன்றுமில்லை. ஆனால் உத்தியோடு அது நின்றுவிடவில்லை. ஏட்டுப் பகுதியாகத் தொடங்கிய மணிமன்றம் மலாயாவின் பல ஊர்களில் இளைஞர் அமைப்பாகவே கிளைத்தது. மலேசியத் தமிழ் இளைஞர் மணிமன்றத்தின் வேர் அங்கேதான் உள்ளது. சிங்கப்பூர், மலேசிய எழுத்தாளர் பலரின் முதல் படைப்பும் அங்கேயே வெளிவந்தது.

இவ்வாறு வளர்ந்த நம்பிக்கைக்கு 1950களின் நடுவில் பெருஞ்சோதனை வந்தது. அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தது. அதில் முதலிடம் தமிழுக்கா, வடமொழிக்கா என்னும் வழக்கு எழுந்தது. தமிழுக்கே என முழங்கிய சாரங்கபாணி, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். செல்வர் சிலரிடம் பெருந்தொகை கேட்பதே எளிய வழி. அவரோ உழைக்கும் மக்களிடம் ஒரு வெள்ளி, இரு வெள்ளி எனக் கேட்டார். பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாத தோட்டப்புறத் தொழிலாளி, தன் பிள்ளையும் அங்குப் போகுமா என்ற உறுதியில்லாத நிலையில், ஒரு நாளேட்டின் சொல்லை நம்பிக் கூலியிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தான். பின்னர்க் கோலாலம்பூருக்குப் பெயர்ந்த அத்துறையில் தமிழ் இன்றும் பயிற்றப்படுகிறது. அங்குப் பயின்ற நம் ஆசிரியர் எத்தனை பேர்! 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோதும், தயங்கி நின்ற தமிழரைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்குமாறு இதே ஏடு ஓயாமல் வற்புறுத்திற்று.

நம்பிக்கை ஏட்டின் பணப்பெட்டியையும் நிரப்பியது என எண்ணிவிட வேண்டா. 1963இல் 'தமிழ் முரசு' ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர், ஏடும் வெளிவராமல் நின்றது. மொழிக்காக ஊரே திரண்டு கொடுத்த ஏட்டின் அச்சுக்கூடத்திலும், ஊதியம் என்று வந்தால் முதலாளியும் தொழிலாளியும் எதிரெதிரே நிற்கத்தான் வேண்டியிருந்தது. தலைவரைப் போற்றும் கட்டுரைகள் இதனை விரைந்து கடந்துவிடுகின்றன. 1964இல் 'தமிழ் மலர்' என்னும் போட்டி நாளேடு தோன்றிற்று. மீண்டு வந்த 'முரசு' பழைய வாசகரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. சாரங்கபாணி 1974இல் மறைந்தார்.

அதற்குள் சிங்கப்பூரில் வாசகர் ஊற்றே வற்றத் தொடங்கியிருந்தது. தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இறுதியாக எஞ்சிய உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. மணிமன்றத்துக்கு எழுதிய பிள்ளைகள் தமிழில் எல்லாப் பாடங்களையும் கற்றவர்கள். அடுத்த தலைமுறைக்குத் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே எஞ்சியது. 'தமிழ் முரசு' 1995இல் ஒரு பெருநிறுவனத்தின் அரவணைப்பில் சேர்ந்து, இன்றும் வெளிவருகிறது.

நம் நாட்டிலோ 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. எனினும் கதை வகுப்பு நடத்திய 'தமிழ் நேசன்', தொடர் நட்டத்தின் காரணமாக 2019 ஜனவரி இறுதியோடு நின்றுபோயிற்று. அப்போது அதற்கு வயது 94. அது நின்ற செய்தியை நம்மில் பலர் கைப்பேசியில்தான் படித்தோம்.