சிறுசேரியும் சின்னமலையும்

பள்ளிக்கரணைக் கழிவெளியை ஒட்டிப் பெருங்குடி, பெரும்பாக்கம் என்று இரண்டு ‘பெரும்’ ஊர்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே போனால் சிறுசேரி. வடக்கே, சைதாப்பேட்டையை ஒட்டி அடையாற்றங்கரையில் சின்னமலை. சிறு, சின்ன இரண்டும் பொருளில் ஒன்று, உறவும் உண்டு. ஆனால் ஓர் ஊர்ப்பெயரில் இவற்றில் எது நிற்கிறது என்பதைக் கொண்டு அந்தப் பெயரின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம் என்றே நினைக்கிறேன். சங்க நூல்களில் ஊர் என்றால் சீறூர், சிறுகுடி. யாழ் என்றால் சீறியாழ், பேரியாழ். சிறுபாணாற்றுப்படைக்கும் பெரும்பாணாற்றுப்படைக்கும் பெயரைத் தந்தது பாணர் கையிலிருந்த அந்த யாழ்தான். (முன்னது 269 அடி, பின்னது 500 அடி என்பதால் பாட்டின் நீளமே காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு.) ‘சின்ன’ ஊர்களின் கதை வேறு. சின்னமனூர்ச் செப்பேடுகள் என்று நாம் சொல்லும் பாண்டியர் செப்பேடுகளின் காலத்தில் அந்த ஊர் அரிகேசரிநல்லூர். வரதராஜர் கோயில் இருக்கும் சின்ன காஞ்சிபுரம் பழைய கல்வெட்டுகளில் அத்தியூர். இரண்டிலும் ‘சின்ன’ பிறகு வந்து ஏறியது.

பழைய ‘சிறு’வையே மக்கள் வாய் ‘சின்ன’ என்று மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். அப்படியானால் சிறுசேரி இந்நேரம் சின்னச்சேரி ஆகியிருக்க வேண்டும். அன்றாடப் பேச்சில் ‘சின்ன வீடு, சின்னத் தெரு’ என்பவர்களும் சிறுசேரியைத் தொடவில்லை. பெரும்பாக்கமும் பெரியபாக்கம் ஆகவில்லை. ஊர்ப்பெயர் ஒருமுறை உறைந்துவிட்டால் பேச்சு மாறினாலும் அது அசைவதில்லை. சின்னமலை போர்ச்சுக்கீசியரின் ‘மோந்தே பெக்கேனோ’வுக்கு மொழிபெயர்ப்புதானே என்பது இன்னொரு கேள்வி. 1551இல் அங்கே தேவாலயம் கட்டியவர்கள் அவர்கள்தாம். அதன் பெரிய துணையான பரங்கிமலையோ பரங்கியரின் பெயரையே சுமக்கிறது. யார் யாரிடமிருந்து எடுத்திருந்தாலும் ‘சின்ன’ பிந்திய அடுக்கு என்ற வாதத்துக்கு இது வலுவே சேர்க்கிறது.

அந்தப் ‘பெக்கேனோ’வும் பிந்தி வந்த சொல்தான். லத்தீனில் சிறியது என்பதற்கு ‘பார்வுஸ்’. அதன் வழிவந்த ‘பார்வோ’ போர்ச்சுக்கீசிய மொழியில் மடையன் என்ற பொருளுக்கு இறங்கிவிட, மக்கள் பேச்சிலிருந்து எழுந்த ‘பெக்கேனோ’ அந்த இடத்தைப் பிடித்தது. தமிழிலும் ‘சிறு’வுக்குச் சிறுமை, சிறுபுத்தி என்று இழிவின் சாயல் உண்டு. ஆனால் இங்கே பழைய சொல் முழுதாக விழவில்லை. சிறுகதை, சிறுதொழில், சிறுதானியம் என்று நேற்றுவரை புதுச்சொற்களை ஈன்றுகொண்டிருக்கும் ‘சிறு’வை எப்படிப் பழைய அடுக்கு என்பது? அவை எழுத்தில் பிறந்த ஆக்கங்கள். ஊருக்குப் பெயர் வைப்பது தெருவில் நடக்கும் வேலை. அங்கே ‘சின்ன’வின் ஆட்சி தொடங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன.