நீர்ப்பெயற்று: பாட்டும் அயலார் ஏடும் காத்த பட்டினம்

இம்மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டுமென்று மலர்க் குழுவினர் அன்போடு பணித்தபோது, கடல்மல்லைத் தலசயனப் பெருமாள் திருவடிகளை நினைந்து இசைந்தேன். மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைப் பற்றியும் அர்ச்சுனன் தவத்தைப் பற்றியும் இவ்வூர்ப் பெருமக்களுக்கு யான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவற்றின் நிழலிலேயே வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தக் கற்கோயில்கள் எழுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே இக்கரையில் நாவாய்கள் வந்து சூழ்ந்த பட்டினம் ஒன்று இருந்தது. இன்று அதற்கு மதிலும் இல்லை, மாடமும் இல்லை. புலவர் ஒருவரின் பாட்டு அதைத் தன் மடியில் வைத்துக் காத்திருக்கிறது. நீர்ப்பெயற்று என்னும் அந்தப் பட்டினத்தைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

எகிப்தில் கிடைத்த களிமண் மடல்கள்

மறைந்த ஊர்களை அயலார் ஏடு காத்ததற்கு முதலில் ஓர் எடுத்துக்காட்டு. 1887-ஆம் ஆண்டு எகிப்து நாட்டில் நைல் ஆற்றங்கரை அமர்னாவில், வயலுக்கு உரமாகும் பழைய மண்ணைத் தோண்டிய ஒரு குடியானவப் பெண் எழுத்துப் பொறித்த களிமண் பலகைகளைக் கண்டெடுத்தாள் என்பர். இன்று ஏறக்குறைய 380 பலகைகள் அறியப்பட்டுள்ளன. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்ஹோதெப், அவன் மகன் அகநாதென் ஆகிய மன்னர்களுக்குப் பிற நாட்டு அரசர்களும் சிற்றரசர்களும் விடுத்த ஓலைகள் அவை. மொழி அக்காதியம், எழுத்து ஆப்பு வடிவம்.

கானான் நாட்டுச் சிற்றரசர்களின் ஓலைகளைப் படித்தால் நெஞ்சு உருகும். மன்னன் காலில் ஏழேழு முறை விழுந்து வணங்கிவிட்டுத்தான் ஒவ்வொருவரும் தம் குறையைத் தொடங்குகிறார்கள். எருசலேம் தலைவன் அப்தி-ஹெபா, தன் நிலம் கைவிட்டுப் போகிறது, வில்வீரரை அனுப்புக என்று மன்றாடுகிறான். ரூபூத்து என்னும் ஊர் பகைவர் வசமானதை அவன் ஓலை சொல்கிறது. அந்த ரூபூத்து எந்த மேட்டின் அடியில் கிடக்கிறது என்று அறிஞர்கள் இன்றளவும் வழக்காடுகிறார்கள். அஸ்கலோன் தலைவன் இத்யா, மன்னன் ஆணைப்படி 30 கண்ணாடிக் கட்டிகளை அனுப்பியதாக எழுதுகிறான். மண்ணில் மறைந்த ஊர்களுக்கு அயல் அரண்மனையின் ஏட்டறை புகலிடம் ஆயிற்று. கண்ணாடியை இங்கே எடுத்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பின்னால் அது மீண்டும் வரும்.

உருத்திரங்கண்ணனார் காட்டும் துறை

பத்துப்பாட்டில் நான்காவதாக வைத்து எண்ணப்படுவது பெரும்பாணாற்றுப்படை. 500 அடிகள். பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார்; பாடப்பெற்றவன் கச்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் அவர்கள் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டுத் தராதிருந்தால், நீர்ப்பெயற்று என்ற பெயரே நமக்கு எட்டியிருக்காது. அப்பெருமகனாரை வணங்கியே மேலே செல்கிறேன்.

புலவர் நம்மை நேரே துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. முதலில் நீராடு துறை. நீரில் விளையாடும் மகளிரின் பொற்குழை ஒன்று கழன்று விழுகிறது. இரை என்று எண்ணி மணிநிற மீன்கொத்தி அதைக் கவ்விக்கொண்டு எழுகிறது. பக்கத்தில் பனைமரங்கள் நிற்க, அங்கே போகாமல் அந்தணர் வேள்விச்சாலையில் நட்ட தூணின் தலையில் அமர்கிறது. அந்தத் தோற்றத்துக்குப் புலவர் சொல்லும் உவமைதான் யான் பல்லாண்டாகப் போற்றி வருவது: யவனர் கப்பற் கம்பத்தின் உச்சியில் வைத்த அன்ன வடிவ விளக்கு போல அது தோன்றியதாம். வேத வேள்வித் தூணும் யவனர் மரக்கலக் கம்பமும் ஒரே பார்வையில் பொருந்தும் ஊர் அது. கடல் கடந்து வந்த பொருளைப் புலவர் அயலாகக் கருதவில்லை. கேட்கும் பாணனுக்கும் அந்த விளக்கு தெரிந்திருக்கும் என்று எண்ணியே உவமையாக வைக்கிறார்.

அதன் பிறகே பட்டினம். பால்போல் வெண்மையான பிடரிமயிர்க் குதிரைகளையும் வடநாட்டு வளங்களையும் ஏற்றி வந்த நாவாய்கள் துறையைச் சூழ்ந்து நிற்கின்றன. மாடங்கள் ஓங்கிய தெருக்களில் மணல் மிகுந்திருக்கிறது. பரதவர் குடியிருப்புகள் பல. பண்டங்களைக் காக்க ஏவலர் உண்டு. உழவெருதும் கறவைப் பசுவும் நெருங்காத அவ்விடத்தில் ஆட்டுக்கிடாய்கள் திரிகின்றன. மேல்மாடத்தில் பெண்கள் பந்தாடுகிறார்கள். முத்துப் போன்ற மணலில் பொற்கழங்கு ஆடுகிறார்கள். பசித்து வந்த பாணனுக்குக் குழியில் நிறுத்தி அரிசிமா ஊட்டி வளர்த்த ஆண்பன்றியின் கொழுத்த தசையும் கள்ளும் கிடைக்கும் என்றும் சொல்லிவிடுகிறார். வைதிகமும் வாணிகமும் பரதவர் வாழ்வும் எதுவும் விடுபடாமல் வந்துவிட்டன.

முடிவில் கலங்கரை விளக்கம். வானம் சரிந்து விடாதபடி முட்டுக் கொடுத்தது போன்ற உயரம். ஏணி சாத்தித்தான் ஏற வேண்டும். உச்சியில் கூரை வேயாத மாடம். இரவில் அங்கே மூட்டிய தீ, ஆழ்கடலில் ஓடும் கலங்களைத் துறைக்கு அழைக்கிறது. மாமல்லபுரத்தில் மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலுள்ள ஒலக்கணேசுவரர் கோயிலின் கூரையில் 1887-இல் ஆங்கிலேயர் விளக்கேற்றினார்கள். கப்பலுக்கு உயரத்தில் தீ காட்டும் வழக்கம் இக்கரைக்கு எவ்வளவு பழையது என்பதை உருத்திரங்கண்ணனார் முன்பே எழுதி வைத்துவிட்டார்.

எங்கே இருந்தது?

மாமல்லபுரமே நீர்ப்பெயற்று என்பார் ஒரு சாரார். பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரமே என்பார் மற்றொரு சாரார். மல்லைப் பெருமை மிக்க மலரில் இப்படி எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும்; எனக்கு இரண்டாவது கருத்தே உடன்பாடு.

காரணம் பாட்டிலேயே இருக்கிறது. மல்லைக்கு அடையாளமே அதன் குன்று. கடலில் வருவோன் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். உருத்திரங்கண்ணனார் பட்டினத்தைச் சொல்லும் பகுதியில் அப்படி ஒரு குன்று இல்லை. மலை என்று வருவது மகளிரின் நடைக்கு மயிலை உவமை சொல்லும் இடத்தில், அந்த மயில் ஆடும் களமாக மட்டும்தான். அருகிலேயே பாறைக்குன்று இருக்குமானால் தீயை அதன் உச்சியில் மூட்டியிருப்பார்கள். ஏணி சாத்திய உயர்மாடம் எழுப்பும் தேவை வந்திராது. மணல் மிகுந்த தெருவும் தட்டையான கரையும் ஆற்று முகத்துவாரத்துக்கே பொருந்துகின்றன.

இன்னொன்று. ஆற்றுப்படை என்பது வழிகாட்டும் பாட்டு. நீர்ப்பெயற்றைக் கடந்த பாணன் தோப்புக் குடிகளில் விருந்துண்டு, திருவெஃகாவை அடைகிறான். காந்தள் பூத்த மலைச்சாரலில் யானை படுத்திருந்தாற்போல் பாம்பணையில் எம்பெருமான் பள்ளிகொண்ட கோலத்தைப் புலவர் அங்கே காட்டுகிறார். அங்குள்ள யதோக்தகாரிப் பெருமாளைச் சேவிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த யானையே என் நினைவில் வருகிறது. பொய்கையாழ்வார் அவதரித்த தலம் அது. ஆழ்வார்களுக்கு முன்பே அப்பெருமானைத் தமிழ் பாடியிருக்கிறது என்பது நமக்கு எத்துணைப் பெரிய பேறு! அதன் பிறகே கச்சி. கடலிலிருந்து காஞ்சிக்கு ஏறும் இந்த வழி பாலாற்றின் வழியே. ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அரசனின் துறை இருந்தது என்று கொள்வதே முறை.

பாட்டோடு மண்ணும் சான்று தருகிறது. 1969-70-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வசவசமுத்திரத்தில் அகழ்வு நடத்தியது. துறைக்கு அப்போது இரா. நாகசாமி தலைமை ஏற்றிருந்தார். சுடுமண் உறைகிணறுகள் வெளிப்பட்டன. ரோமானிய நாட்டு அம்போராச் சாடிகளின் சில்லுகளும் கிடைத்தன. மணற்பாங்கான இடத்தில் கிணறு தோண்டினால் பக்கம் சரிந்து விழும். சுட்ட வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிச் சரிவைத் தடுத்தார்கள். இன்று நம் கடலோரத்தில் சிமென்ட் உறை இறக்குகிறோமே, அதே தொழில்தான். அம்போரா என்பது இரு காதுகளும் கூம்பிய அடியும் கொண்ட நெடிய சாடி. தரையில் தானாக நிற்காது. கப்பலின் அடியறையில் நெருக்கமாக அடுக்கவே அந்த வடிவம். மத்தியதரைக் கடல் நாட்டுத் திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் அதில் வந்தன. யவனர் கம்பத்து விளக்கைச் சொன்ன புலவரின் கூற்றுக்கு இந்தச் சில்லுகள் சாட்சி.

அருகிலுள்ள வயலூரில் இராசசிம்ம பல்லவன் தூண் ஒன்றில் தன் குலவரிசையைப் பிரமன் தொடங்கிப் பொறித்து வைத்தான். 50-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உண்டு. தலைநகராம் காஞ்சியை விட்டு ஆற்று முகத்துவாரத்துச் சிற்றூரில் அரச மரபை எழுதுவானேன்? வந்திறங்கும் அயலார் முதலில் காணும் இடம் அது என்பது என் துணிபு.

அயலார் ஏடுகள்

முதல் நூற்றாண்டின் கிரேக்க மாலுமி நூலான பெரிப்ளஸ் இக்கிழக்குக் கரைத் துறைகளாகக் கமரா, பொதுகா, சோபத்மா மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. சோபத்மாவைச் சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்தோடு, அதாவது இன்றைய மரக்காணத்தோடு, பொருத்துவது பலரின் வழக்கம். ஆதலால் அது நம் துறைக்குச் சான்றாகாது.

நமக்கு அமர்னா மடல்களைப் போன்றவை சீனத்தில் இருக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கூ தொகுத்த ஹான் வரலாற்றில் ஹுவாங்சி என்னும் நாடு வருகிறது. அதைக் காஞ்சி என்று பிரெஞ்சு அறிஞர் ஃபெராண்ட் கண்டார், பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரும் ஏற்றார். ஹான் பேரரசின் தூதர் பொன்னும் பட்டும் கொண்டு வந்தார்கள். முத்தும் அரிய கற்களும் கண்ணாடியும் வாங்கிச் சென்றார்கள். அஸ்கலோன் தலைவன் எகிப்து மன்னனுக்கு அனுப்பிய அதே பண்டம்! ஹான் அரசவையில் அதிகாரம் செலுத்திய வாங் மாங், ஹுவாங்சி வேந்தனுக்குப் பெரும் பரிசுகள் விடுத்து, உயிருள்ள காண்டாமிருகம் ஒன்றைத் தூதுவனோடு அனுப்பச் செய்தான். கி.பி. 2-ஆம் ஆண்டில் அது சீனம் சேர்ந்தது. காஞ்சிக்குக் கடல் இல்லை; அந்த விலங்கைக் கப்பலேற்றிய துறை பாலாற்று வாயில்தான் இருந்திருக்க வேண்டும் என்றே எண்ணுகிறேன்.

720-இல் மீண்டும் ஒரு தூது. கடற்கரைக் கோயிலும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலும் எடுத்த அதே இராசசிம்மன், அரபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப் படையையும் குதிரைப் படையையும் தர முன்வந்து, அப்படைக்கு ஒரு பெயர் சூட்டுமாறு தாங் பேரரசர் சுவான்சோங்கைக் கேட்டான். பேரரசரும் அறத்தைப் போற்றும் படை என்னும் பொருள்படப் பெயர் அளித்தார். கானான் தலைவர்கள் எகிப்தியனிடம் படை கேட்டு விழுந்தார்கள். தொண்டை நாட்டு மன்னன் படை தருவதாக எழுதினான். இதைப் படிக்கும் தமிழன் எவன் தலை நிமிராதிருப்பான்!

திருமங்கையாழ்வார் காலத்தில், பொற்குவியலும் யானைகளும் நவமணிகளும் சுமந்து பாரத்தால் தாழ்ந்த கலங்கள் கடல்மல்லையில் உலவின. முகத்துவாரம் மண்ணால் மேடுறத் துறை வடக்கே நகர்ந்திருக்கலாம் என்பது என் கருத்து.

செய்ய வேண்டுவது

2004 ஆழிப்பேரலை சாளுவன்குப்பத்தில் மணலை வாரிக் கல்வெட்டுள்ள பாறையைக் காட்டியது. அதைத் தொடர்ந்த அகழ்வில் பழைய செங்கல் அடித்தளத்தோடு முருகன் கோயில் வெளிப்பட்டது. கடல் தானே திறந்து காட்டும்வரை நாம் காத்திருக்கலாகாது. வசவசமுத்திரத்திலும் வயலூரிலும் விரிவாக அகழ வேண்டும். முகத்துவாரத்தின் நீரடியையும் ஆராய வேண்டும். இக்கரையில் மனை எழுப்பும் அன்பர்கள், கடைக்கால் தோண்டும்போதோ உறை இறக்கும்போதோ சுடுமண் வளையமோ கூம்பிய அடிச் சாடித்துண்டோ அகப்பட்டால் அதை உடைத்து நிரவலுக்குக் கொட்டிவிடாதீர்கள். கிடைத்த ஆழத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த பொருளைக் கழுவித் தேய்க்காமல் அப்படியே வைத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவேனும் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதைபொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் சொல்கிறது. பள்ளி ஆசிரியப் பெருமக்கள் பெரும்பாணாற்றுப்படையின் அந்தப் பகுதியை மாணவர்க்கு வகுப்பறையில் நடத்தியபின், ஒருநாள் அவர்களைப் பாலாற்று வாய்க்கு அழைத்துச் சென்று, அங்கேயே நின்று மறுபடியும் படிக்கச் செய்யுங்கள்.