ட்ரம் புதுசு, லைனிங் பழசு

மேடவாக்கம் கூட்ரோட்டுல இருந்து செம்பாக்கம், சேலையூர் வழியா தாம்பரம் போய், ஜி.எஸ்.டி. ரோடு பிடிச்சு வண்டலூர் பக்கம் போனா, ஒரு காலத்துல வேன் தயாரிச்ச இடம் வரும். சொன்னா இப்ப பாதிப் பேர் நம்பமாட்டாங்க. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1961ல வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அதே கம்பெனியோட 'ஸ்டாண்டர்ட் 20' வேனைத்தான் யாரும் பேசறதில்லை. இங்கிலாந்துல 1958ல 'அட்லஸ்'ங்கற பேர்ல வந்த வேன் அது. அங்கே அதோட காலம் முடிஞ்சதும், 1968ல அச்சு, டூல்ஸ் எல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. கெஸல் கார் நின்னுபோன பிறகு, 1985ல ஸ்டாண்டர்ட் 2000 வரும்வரை கம்பெனிக்குச் சோறு போட்டது இந்த வேன்தான். 1980களின் கடைசியில கம்பெனியே மூடிட்டாங்க.

இப்ப எதுக்கு இந்தப் பழங்கதைன்னா, அந்த வேனோட நாலு சக்கரத்துலயும் ட்ரம் பிரேக். 1984ல வந்து, 1988ல ஆம்னின்னு பேர் மாத்தி, 2019 வரைக்கும் விற்ற மாருதி வேனோட பின்சக்கரத்துலயும் அதே சங்கதிதான். எங்க ஏரியாவுல தண்ணி கேன் போடுற அண்ணன் ஒருத்தர் ஆம்னி வெச்சிருக்கார். பின்னாடி ரெண்டு ட்ரம்மும் புதுசா மாத்தினார். அன்னியிலேருந்து வண்டி சரியில்லை. பெடல் கீழே போகுது, காலைல முதல் பிரேக்குல 'கீய்ங்'னு கத்துது, லேசா அழுத்தினா சடக்குன்னு பிடிக்குது, நாலு தெரு சுத்தி வந்தா ஒரு பக்கச் சக்கரம் கொதிக்குது. ஒர்க்‌ஷாப்புல மூணு தடவை ஏர் எடுத்தாச்சு. "எல்லாம் புதுசு சார், அப்புறம் ஏன் பிடிக்கல?"ன்னு என்கிட்ட கேட்டார். அவர் கேட்டதுல 'எல்லாம்'ங்கற வார்த்தையிலதான் எனக்கு சந்தேகம் வந்தது.

அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். ஆரம்ப கால மோட்டார் வண்டிகள்ல ட்ரம்முக்கு வெளியே பட்டை சுத்தியிருக்கும். இழுத்தா இறுகும். மழை, சேறு எல்லாம் நேரா பட்டைக்கும் ட்ரம்முக்கும் நடுவுல போய் உட்காரும். 1902ல லூயி ரெனோ அதைத் திருப்பிப் போட்டார். ஷூ ட்ரம்முக்கு உள்ளே இருந்துகிட்டு வெளிப்பக்கமா அழுத்தும். இதுல இன்னொரு லாபம். சுத்துற ட்ரம் முன்பக்க ஷூவைத் தன்னோட இழுத்து இன்னும் இறுக்கமா அழுத்திக்கும். நாம பத்து மடங்கு மிதிக்க வேண்டியதில்லை, வண்டியே தன்னை நிறுத்திக்க உதவி பண்ணும்.

நல்ல வரம்தான். ஆனா இந்த வரத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஷூவோட வளைவும் ட்ரம்மோட வளைவும் ஒண்ணா இருக்கணும். பல வருஷம் ஓடின ட்ரம் உள்ளே தேஞ்சு பெருசாகும். அதோடவே உரசின லைனிங்கும் அந்தப் பெரிய வட்டத்துக்கு ஏத்த மாதிரி வடிவெடுத்துக்கும். கல்யாணமாகி இருபது வருஷமான புருஷன் பொண்டாட்டி மாதிரி. :-) இப்ப ட்ரம்மை மட்டும் புதுசா, சின்ன வட்டமா போட்டா, பழைய ஷூ ரெண்டு நுனியில மட்டும் படும். நடுவுல காத்து. நுனியில படுறதாலதான் கத்துறதும், சடக்குன்னு கவ்வுறதும். நேர்மாறா, தேஞ்ச பழைய ட்ரம்முல புது ஷூ போட்டா நடுவுல மட்டும் படும். பெடல் பஞ்சு மாதிரி இருக்கும்.

லைனிங்ல சாக்பீஸ் தடவி, ட்ரம்மை மாட்டி, பிரேக்கை லேசா மிதிச்சு சுத்திட்டு கழட்டிப் பார்த்தா எங்கே படுதுன்னு தெரிஞ்சிடும். செலவு ஒரு சாக்பீஸ். அண்ணனோட வண்டியில நுனியிலதான் அழிஞ்சிருந்தது. "லைனிங் நல்லாத்தானே இருக்கு"ன்னு பழைய ஷூவையே போட்டிருந்தாங்க.

சரி, பெடல் ஏன் கீழே போச்சு? இங்கே இன்னொரு ஆள் வர்றார். மால்கம் லாகீட், அமெரிக்கர், லாக்ஹீட் விமானக் கம்பெனி ஆரம்பிச்ச ஆலன் லாகீடோட அண்ணன். 1917ல ஹைட்ராலிக் பிரேக்குக்கு காப்புரிமை வாங்கினார். 1921ல டியூசன்பெர்க் கார்ல நாலு சக்கரத்துக்கும் அது வந்தது. அதுவரை கம்பியும் கேபிளும்தான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா இழுவை சரி பண்ணணும், ஒண்ணு தளர்ந்தா வண்டி ஒரு பக்கம் ஓடும். எண்ணெய் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தைக் கொடுக்கும்.

அந்த எண்ணெய் பேசுற பாஷையைக் காலாலேயே கேட்கலாம். ஒரு தடவை மிதிச்சா கீழே போய், உடனே ரெண்டாவது தடவை மிதிச்சா மேலே வந்து கெட்டியா நின்னா, ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி அதிகம், அட்ஜஸ்ட்மென்ட் இல்லைன்னு அர்த்தம். மேலே வந்தும் பஞ்சு மாதிரி அமுங்கினா ஏர். மிதிச்சுப் பிடிச்சிருக்கும்போதே மெதுவா இறங்கினா, வீல் சிலிண்டர்லயோ மாஸ்டர் சிலிண்டர்லயோ கசிவு. அண்ணன் வண்டி முதல் ரகம். அதுக்குப் போய் மூணு தடவை ஏர் எடுத்தா என்ன பிரயோஜனம்?

நடந்தது இதுதான். சின்ன ட்ரம் ஏறணுமேன்னு ஷூவை முழுசா உள்ளே சுருக்கியிருக்காங்க. திரும்ப வெளியே கொண்டு வரலை. பெடல் இறங்கினதும், ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கி சமாளிச்சிருக்காங்க. கேபிள் இறுகினா ஷூ முழுசா திரும்பி வராது. அதான் சக்கரம் கொதிச்சது. அதுக்கும் மேல, ட்ரம் சூடானா விரியும், ஷூவை விட்டு விலகும், பெடல் இன்னும் இறங்கும். கேபிளைத் தளர்த்தி, புது ஷூ போட்டு, முதல்ல அதை அட்ஜஸ்ட் பண்ணி, கடைசியா கேபிளைத் தொட்டதும் சரியாச்சு. புது ட்ரம்முல துருப்பிடிக்காம இருக்கத் தடவின எண்ணெயையும் பெட்ரோல் போட்டுத் துடைச்சோம், முன்னாடி யாரும் துடைச்சதா தெரியலை. வீட்டுல வாடிக்கையாளர் திட்டாம கேன் போட்டாகணுமேன்னு அவர் இத்தனை நாளா அப்படியே ஓட்டினதுதான் எனக்கு பயம். பின்னாடி அத்தனை எடை, வழியெல்லாம் ஸ்கூல் பசங்க.

வண்டலூர் வேன் ஓடின காலத்துல ஷூவைத் தூக்கிப் போடமாட்டாங்க. பழைய லைனிங்கைப் பிரிச்சு, புதுசை ரிவெட் அடிச்சு, ட்ரம்மை லேத்துல கடைஞ்சு, ரெண்டையும் ஒத்துப் பார்த்துக் கொடுப்பாங்க. சரக்குக்கும் ஊரு தாண்ட வேண்டியதில்லை. 1962ல டி.வி.எஸ்.ஸும் லூகாஸ் கர்லிங்கும் சேர்ந்து பாடியில பிரேக்ஸ் இந்தியா ஆரம்பிச்சாங்க. 1964ல ரானே பிரேக் லைனிங். பிரேக் விஷயத்துல சென்னைக்கு இத்தனை சரித்திரம். இப்ப ஒட்டின ஷூ டப்பாவுல செட்டா வருது. நல்லதுதான், ஆனா ஒத்துப் பார்க்கிற வேலை அதோட போயிடுச்சு.

கொசுறு: பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ட்ரம்மைக் கழட்டினதும் அந்தக் கறுப்புத் தூசியை வாயால ஊதாதீங்க, ஏர் கம்ப்ரஸரும் வேணாம். ஈரத்துணி போதும்.