கரமனைச் சாலையில் துணிப்பூ: மடிப்புக் கைவினை ஒன்றின் வரலாற்றுத் தடம்

ஓணம் நெருங்கும்போது திருவனந்தபுரத்தில் பொற்சரிகைக் கரையிட்ட கசவுச் சேலையும் செட்டு முண்டும் விற்கும் இடங்களில், அதே துணியை மடித்துச் செய்த பூக்களும் விலைக்கு வருகின்றன. சிறு சதுரங்களாகத் துணியை வெட்டி, இதழ் இதழாக மடித்து, அடியில் நூலோட்டிச் சுருக்கி, நடுவில் ஒரு முத்தை வைத்து ஹேர்கிளிப்பில் ஒட்டியிருப்பார்கள். வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடுவதே வழக்கம். இதற்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அதன் பெரும்பகுதி நகரின் கரமனைப் பகுதி வழியாகச் செல்லும் சாலையில் நடந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நாகர்கோவிலிலிருந்து தலைநகருக்குள் நுழையும் பழைய சாலை கரமனையாற்றைக் கடந்துதான் வர வேண்டும். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் சரஸ்வதியின் ஊர்வலம் இன்றும் இந்த வழியாகவே வருகிறது. கரமனை அக்கிரகாரங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிய நீலகண்ட சிவன் (1839–1900) வாழ்ந்த ஊர் இது. பூ வைக்காமல் கூந்தல் முடிவது இக்குடும்பங்களில் மங்கலக் குறைவாகவே கருதப்பட்டது. அந்தப் பூவும் தெற்கிலிருந்து, தோவாளைச் சந்தையிலிருந்து, இதே சாலை வழியே வந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. மாநில எல்லை மாறினாலும் பூ வரத்து நிற்கவில்லை.

தோவாளை தரும் சான்று பூ வணிகத்தோடு முடிவதில்லை. அங்கு கட்டப்படும் மாணிக்கமாலையில் சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் நொச்சி இலையும் மடிக்கப்பட்டு, கல் பதித்த நகைபோல வரிசை பிடிக்கின்றன. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலுக்குச் சென்ற இந்த மாலை 2025-இல் புவிசார் குறியீடு பெற்றது. மலர்ந்த பூவை அப்படியே தொடுக்காமல், இதழை மடித்து வடிவம் வரவழைக்கும் கைப்பழக்கம் இந்தச் சாலையின் தென்முனையில் முன்பே வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

துணியும் இதே சாலையில் வந்ததுதான். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா (1798–1810) காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், நாஞ்சில் நாட்டிலிருந்து சாலியர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டு உருவான நெசவூர் பாலராமபுரம். கரமனையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவு. பாவுக்குக் கஞ்சியிட்டு, தெருவிலேயே நீள விரித்துத் தூரிகையால் நீவி உலர்த்தும் முறை அங்கு இன்னும் முழுதாக மறையவில்லை. நுண்ணிழைப் பருத்தியும் ஓரத்துப் பொற்சரிகையும் சேர்ந்த அந்தத் துணியே இன்றைய கசவுப்பூவின் மூலப்பொருள்.

பெண்ணின் கைவேலை காசாக மாறியதற்கும் இந்த வட்டாரத்தில் முன்னோடி உண்டு. அதை விரிவாகச் சொல்ல வேண்டியது கடமை. 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், நாகர்கோவிலில் தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூரின் பகுதி. அடிமைமுறை அங்கு 1855 வரை சட்டப்படி நீடித்தது. அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் லேஸ் பின்னி ஈட்டிய பணத்தால் தம் விடுதலையை வாங்கினார்கள். மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடந்த அதே மண்ணில், அதே பத்தாண்டுகளில், துணியும் நூலும் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பொருள்பட்டிருக்கும்! கைவினையை அற்பமாகப் பேசுவோர் இந்த ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும்.

துணியை மடிக்கும் நுட்பம் மட்டும் வெளியிலிருந்து வந்தது. ஜப்பானில் எடோ காலத்தில் (1603–1868) வளர்ந்த ‘சுமாமி’ வேலையில், மெல்லிய பட்டுச் சதுரத்தை இடுக்கியால் கிள்ளி மடித்து அரிசிப் பசையில் நிறுத்துவார்கள். சதுரத்தை மூலைக்கு மூலையாக மூன்று முறை மடித்தால் கூர் இதழ். முதல் முக்கோணத்தின் பக்க முனைகளைப் பின்னுக்குத் திருப்பிச் சேர்த்தால் உருண்டை இதழ். எந்தப் பூவும் இந்த இரண்டிலிருந்தே பிறக்கும். ‘கன்சாஷி’ என்னும் கொண்டை அணியில் இந்தப் பூக்கள் இடம்பெற்றன. கியோட்டோவின் மைக்கோ என்னும் பயிற்சிக் கலைஞர்கள் இன்றும் மாதத்துக்கு மாதம் பூவை மாற்றிச் சூடுகிறார்கள்; ஏப்ரலில் செர்ரிப்பூ. இந்தியாவிலும் நாடாவை மடித்து இதழாக்கும் மரபு இல்லாமல் இல்லை. ராஜஸ்தானத்தின் கோட்டா பட்டி அப்படிப்பட்டது. ஆனால் அது ஆடைமேல் தைக்கப்படும் தட்டை வேலை. தனித்து நிற்கும் பூவன்று.

ஜப்பானிய முறை உலகமெங்கும் வீட்டுக்குள் நுழைந்ததற்கு ஒரு வேதியியல் காரணம் உண்டு. 1941-இல் பிரிட்டனில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டரைக் கண்டுபிடித்தனர். அதில் நெய்த சாட்டின் ரிப்பனின் விளிம்பை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால் இழை உருகி ஒட்டிக்கொள்ளும், நூல் பிரியாது. அரிசிப் பசையும் ஆண்டுக்கணக்கான பயிற்சியும் தேவைப்பட்ட இடத்தில் ஒரு சுடரும் இடுக்கியும் போதுமானவை ஆயின.

கசவுத்துணி அந்தச் சுடருக்கு இணங்காது. பருத்தி உருகாது, கருகும். ஆகவே துணியைக் கஞ்சியிட்டுத் தேய்த்து விறைப்பாக்கி, ஊசியும் நூலும் கொண்டு இதழைக் கட்ட வேண்டும். சதுரத்தை வெட்டுவதிலும் கவனம் தேவை. சரிகைக்கரை சதுரத்தின் ஓரத்தில் அமைந்தால் மடிப்புக்குள் மறைந்துபோகும். மூலைவிட்டத்தில் வரும்படி சாய்த்து வெட்டினால்தான் இதழின் முதுகில் பொன்கோடாக எழும். பாலியெஸ்டர் தள்ளிவைத்த கஞ்சியும் பொறுமையும் இப்படித் திரும்ப வந்துவிட்டன. எனவே கசவுப்பூவை ரிப்பன் பூவின் நகல் என்று கருத முடியாது. அதன் மடிப்பு ஜப்பானியம்; பொருளும் சூடும் வழக்கமும் இந்தச் சாலைக்கு உரியவை.

இத்தகைய பொருள்கள் நெசவாளருக்கு எதைத் தர முடியும் என்பதை 2018 ஆகஸ்டு வெள்ளம் காட்டியது. எர்ணாகுளம் மாவட்டம் சேந்தமங்கலத்தில் சேற்றில் நனைந்து விற்பனைக்கு ஆகாத கைத்தறிச் சேலைகளை சமூக முனைவோரான லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் ‘சேக்குட்டி’ பொம்மைகளாக்கும் வழி கண்டனர். சுமார் 1,300 ரூபாய்ச் சேலை ஒன்றிலிருந்து 360 பொம்மைகள். ஒன்று 25 ரூபாய் வீதம் 9,000 ரூபாய். அந்தப் பணம் தறிக்குத் திரும்பியது.

கரமனையிலும் திருவனந்தபுரத்தின் ‘சாலை’ என்னும் கடைத்தெருவிலும் துணிப்பூ வாங்குவோர் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: இது கைத்தறித் துணியா, விசைத்தறியில் ஓட்டிய பாலியெஸ்டர் கசவா? பூச் செய்யும் பெண்களும் கடைச் சரக்கை விட்டுப் பாலராமபுரத்துத் தறிக்காரர்களிடமே வெட்டுத்துண்டுகளை விலை கொடுத்து வாங்கி, நெய்த ஊரின் பெயரைப் பூவின் அட்டையில் அச்சிட வேண்டும்.