ஏழு பணப்பைகள், ஒரு படை

1600-ல் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரத்தில் ஒரு கோட்டையைக் கட்டி, அதில் காவல் படையையும் நிறுத்தினார்கள். கட்டியவர்கள் அந்த நகரத்தின் கூட்டாளிகளேதான். பாதுகாப்புக் கூட்டணிக்குத் தரவேண்டிய பங்கைக் க்ரோனிங்கன் ஒழுங்காகக் கட்டவில்லை. கட்டவைக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. 1607-ல் கோட்டை இடிக்கப்பட்டது. பணத் தகராறு மட்டும் இன்னும் இருநூறு ஆண்டுகள் இடிபடாமல் நின்றது.

நெதர்லாந்து மாகாணங்கள் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பை எதிர்த்து உட்ரெக்ட் ஒப்பந்தத்தில் இந்தக் கூட்டணியாகக் கைகோத்தது 1579 ஜனவரி 23-ல். கடைசியில் ஏழு மாகாணங்கள் நிலைத்தன. மாகாணம் என்பது பெயருக்குத்தான். ஒவ்வொன்றும் தன்னைத் தனி நாடாகவே நினைத்தது; தனிச் சட்டம், தனி நாணயம், தனி கஜானா. ஆனால் ஒப்பந்தத்தை எழுதியவர்கள் விவரமானவர்கள். பீர், ஒயின், உப்பு, பட்டு, அரைக்கும் தானியம் ஆகியவற்றின் மீது எல்லா மாகாணங்களிலும் ஒரே அளவு வரி விதித்து, அந்தப் பணத்தைப் பொதுப் பாதுகாப்புக்குச் செலவிட வேண்டும் என்று ஐந்தாம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள்.

அந்தப் பிரிவு ஏட்டோடு நின்றுவிட்டது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். விற்பனையில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்ட, பிலிப்பின் ஆளுநரான ஆல்பா பிரபுவின் மீதிருந்த ஆத்திரம் கலகத்துக்கு எண்ணெய் வார்த்திருந்தது. வெளியிலிருந்து வரி கேட்டு வருகிறவன் யாரானாலும் அவனை அந்த மக்கள் நம்பத் தயாராக இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே வரி 1806-ல்தான் வந்தது. அதற்குள் அந்தக் கூட்டணியே மறைந்துவிட்டது.

ஆகவே பங்கு முறை பிறந்தது. கூட்டணியின் நிர்வாகக் குழுவான அரசு மன்றம் வரும் ஆண்டின் போர்ச் செலவைக் கணக்கிட்டு, மாகாணப் பிரதிநிதிகள் ஹேக் நகரில் கூடும் பொதுச் சபைக்கு ஆண்டுதோறும் அனுப்பும். மாகாணங்கள் விகிதப்படி பிரித்துக்கொள்ளும். மொத்தத்தில் ஏறக்குறைய 58 சதவீதம் ஹாலந்து மாகாணத்தின் தலையில். ஃப்ரீஸ்லாந்தும் ஸீலாந்தும் ஆளுக்குப் பத்துக்கு முன்பின். ஓவரைஸலுக்கு நாலுக்கும் குறைவு. ட்ரெந்தெ என்ற ஏழைப் பகுதி ஒரு சதவீதம் கட்டியது, ஆனால் பொதுச் சபையில் அதற்கு வாக்கு கிடையாது. பாதிக்கு மேல் கட்டிய ஹாலந்துக்கும் ஒரே வாக்கு. இரண்டுமே அநியாயம். ட்ரெந்தெவின் அநியாயம்தான் பெரிது என்று சொல்லவேண்டும்; ஹாலந்து தன் செல்வாக்கால் காரியத்தைச் சாதித்துக்கொள்ளும், ட்ரெந்தெவுக்கு அந்த வழியும் இல்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பணத்தைப் பொதுக் கஜானாவுக்கு அனுப்பிப் பிறகு பட்டுவாடா செய்வதற்குப் பதிலாக, இந்தப் படைப்பிரிவுக்கு இந்த மாகாணம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். மாகாணம் நேராகக் கேப்டனுக்குச் சம்பளம் கொடுத்தது. தாமதமானால், அதற்கென்றே இருந்த தரகர்கள் வட்டிக்கு முன்பணம் தந்து படை கலையாமல் பார்த்துக்கொண்டார்கள். ஹாலந்து தன் பங்குக்காகக் கடன் பத்திரம் விற்றது. வட்டி தவறாமல் வந்ததால் சாதாரணக் குடும்பங்கள்கூட வாங்கின. 1655-ல் வட்டியை 4 சதவீதமாகக் குறைத்தபோதும் மக்கள் பத்திரங்களைக் கைவிடவில்லை. அமெரிக்க வெள்ளியில் புரண்ட ஸ்பெயின் 1575, 1596, 1607 என்று கடனைக் கட்டமுடியாமல் திரும்பத் திரும்பக் கைவிரித்தது. சுமார் பதினைந்து லட்சம் மக்கள் வாழ்ந்த சிறு கூட்டணியோ அதை எதிர்த்து 1648 வரை தாக்குப்பிடித்து விடுதலையும் பெற்றது.

சமாதானம் வந்ததும் குறை வெளிப்பட்டது. சம்பளம் கொடுப்பவன், படையும் தனது என்று நினைக்கத் தொடங்கினான். 1650 ஜூனில் ஹாலந்து மற்ற ஆறு மாகாணங்களின் சம்மதமில்லாமலே தன் கணக்கிலிருந்த பிரிவுகளைக் கலைக்க உத்தரவிட்டது. படைத்தலைவரான இளவரசர் இரண்டாம் வில்லியம் கொதித்தார். ஜூலை 30-ல் ஹாலந்தின் ஆறு தலைவர்களைக் கைது செய்து, ஆம்ஸ்டர்டாம் மீது படையையும் ஏவினார். படை இரவில் வழி தவறியது. ஹாம்பர்க்கிலிருந்து வந்த தபால்காரர் ஒருவர் நகரத்தை எச்சரிக்க, வாசல்கள் மூடப்பட்டன. அந்த நவம்பரிலேயே அம்மையில் வில்லியம் இறந்தார், வயது 24. பொதுப் படை யாருடையது என்ற கேள்வி தீரவில்லை. 1672-ல் பிரான்ஸும் இங்கிலாந்தும் மன்ஸ்டர், கொலோன் பகுதிகளை ஆண்ட ஆயர்களும் ஒரே ஆண்டில் பாய்ந்தபோது, கவனிப்பாரற்றுக் கிடந்த தரைப்படையால் எல்லையைக் காக்க முடியவில்லை. அணைகளை உடைத்து நிலத்தை நீரில் மூழ்கடித்துத்தான் ஹாலந்து தப்பியது.

பிரான்ஸுடன் நடந்த நீண்ட போர்கள் முடிந்தபோது நிலுவை மலைபோல் குவிந்திருந்தது. 1715-ல் பொதுக் கஜானா ஒன்பது மாதங்கள் மூடிக்கிடந்தது. அரசு மன்றத்தின் செயலாளர் சைமன் வான் ஸ்லிங்கலாந்து, பங்கு கட்டாத மாகாணத்தைக் கட்டவைக்கும் அதிகாரம் மையத்துக்கு வேண்டும் என்று வாதாடினார். அந்தக் கூட்டணியில் நோயைச் சரியாகக் கண்டறிந்தவர் அவர். 1716-17-ல் கூடிய பெருஞ்சபை அவர் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. 1727-ல் ஹாலந்தின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது, ஆட்சிமுறையை மாற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் தருவோம் என்ற நிபந்தனையோடு. வாக்குக் கொடுத்தார், 1736-ல் இறக்கும்வரை காப்பாற்றினார்.

இந்தக் கதையை அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒருவர் கூர்ந்து படித்துக்கொண்டிருந்தார். புதிய அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் இருபதாவதை, 1787 டிசம்பரில், ஜேம்ஸ் மாடிசன் முழுக்க டச்சுக் கூட்டணிக்கே ஒதுக்கினார். அமெரிக்காவிலும் பதின்மூன்று மாநிலங்கள் பங்கைக் கட்டாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தன. வரி விதிக்கும் அதிகாரம் அங்கிருந்த காங்கிரஸுக்கு இல்லை.

(தொடரும்)