ஓர் இதழுக்கு இரு பெயர்கள்

1870 டிசம்பரில் சர் செய்யித் அஹ்மத் கான் தொடங்கிய இதழின் முகப்பில் இரு பெயர்கள் இருந்தன. உர்தூவில் 'தஹ்தீபுல் அக்லாக்'. ஆங்கிலத்தில் 'முஹம்மதன் சோஷியல் ரிஃபார்மர்'. ஒன்றின் மொழிபெயர்ப்பே மற்றொன்று என்று பலரும் கடந்து செல்கின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை.

முதற்பெயர், ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்து 1030இல் மறைந்த மிஸ்கவைஹி இயற்றிய ஒழுக்கவியல் நூலுக்கு உரியது. 'தஹ்தீப்' என்பதன் வேர்ப்பொருளுள் ஒன்று, பேரீச்ச மரத்தின் நாரையும் காய்ந்தவற்றையும் களைந்து செம்மை செய்வது. மரம் அதே மரந்தான். வேண்டாதவை மட்டுமே விழுகின்றன. காடு திருத்துதல், வயல் திருத்துதல் என்னும் தமிழ் வழக்குகளிலும் இவ்வுழவர் மணம் வீசுவதைக் காண்கிறோம். சீர்திருத்தம் என்று மேடையில் முழங்குவோர் இதனை மறந்துவிட்டனர்.

ரிஃபார்ம் என்னும் சொல்லின் கதை வேறு. மீண்டும் உருவாக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையே அதன் மூலம். கான்ஸ்டன்ஸ் திருச்சபைப் பேரவையில் (1414–1418) அது திருச்சபையைத் தலைமுதல் உறுப்புகள்வரை செம்மையாக்குவதைக் குறித்தது. 1517இல் லூத்தர் எழுப்பிய கிளர்ச்சிக்குப் பின்னரோ, ரிஃபார்மேஷன் ஒரு பிளவின் பெயராகவே நிலைத்தது. ஆயினும் 1690களில் இலண்டனில் தோன்றிய ஒழுக்கச் சங்கங்கள் அதே சொல்லைத் தாங்கிக் குடியரையும் ஆணையிட்டுப் பழிப்போரையும் நீதிமன்றத்துக்கு இழுத்தன. அதே நோக்கத்தை நகைச்சுவையால் நிறைவேற்ற முயன்றவை 'டாட்லர்' (1709), 'ஸ்பெக்டேட்டர்' (1711) என்னும் ஏடுகள். 1832இல் அச்சொல் நாடாளுமன்றத் தேர்தல் முறைக்குச் சென்றது. 1876இல் இந்தியச் சட்டமொன்றில் குற்றமிழைத்த சிறுவரை அடைக்கும் பள்ளியின் பெயராயிற்று. நம் இதழின் முதற்கட்டம் நின்றதும் அவ்வாண்டில்தான்!

சர் செய்யித் தம் இதழுக்கு முன்மாதிரியாகக் கொண்டவை அவ்விரு இலண்டன் ஏடுகளே. முகத்துதி, குருட்டுப் பிடிவாதம், வீண் வாதம் ஆகியவை குறித்து அவர் எழுதிய கட்டுரைகள் மிஸ்கவைஹிக்கும் உவப்பாகவே இருந்திருக்கும். எதிர்த்த உலமாக்களோ ஆங்கிலப் பெயரின் பின்னே லூத்தரின் நிழலைக் கண்டனர். அவர்களை வெறும் பழமைவாதிகள் என்று தள்ளிவிட நாம் உடன்படவில்லை. அற்புதங்கள், வானவர் முதலியன பற்றிய அவருடைய விளக்கங்கள் நார் களைதலோடு நிற்கவில்லை. வேரையும் தொட்டன என அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்த அச்சத்தில் முகத்துதியைப் பற்றிய கட்டுரையும் சேர்த்தே ஒதுக்கப்பட்டது நமக்கு இழப்பு.

இஸ்லாத்துக்கு ஒரு ரிஃபார்மேஷன் வேண்டாமா என்று மேலை நாட்டார் இன்றும் கேட்கின்றனர். எந்தப் பொருளில் என்று நாம் திருப்பிக் கேட்கலாம். குர்ஆனின் சொல் 'இஸ்லாஹ்'. ஹூத் அத்தியாயத்தின் 88ஆம் வசனத்தில், இயன்றவரை இஸ்லாஹையே நாடுவதாக நபி ஷுஐப் (அலை) தம் சமூகத்தாரிடம் கூறுகிறார். அங்கே ஏகத்துவ அழைப்பை அடுத்து அவர் எழுப்பிய வழக்கு, கடைத்தெருவில் அளவையும் நிறுவையும் குறைப்பதைப் பற்றியது.