போய்வருதல்: ஹைதராபாத்தில் ரஷ்ய வினைச்சொற்கள் கற்பிக்கப்பட்ட வழி

ரஷ்ய மொழியைப் புதிதாகத் தொடங்குவோரை அச்சுறுத்துவது அதன் எழுத்து என்று பொதுவாகக் கூறுவர். ஆனால் 33 எழுத்துகளும் ஓரிரு வாரங்களில் கைவந்துவிடும். உண்மையான தடை அதற்குப் பின்னரே எதிர்ப்படுகிறது. எழுது, சொல், எடு, போ என்னும் அன்றாட வினைகள் அங்கே தனித்தனியாக நிற்பதில்லை, இணைகளாக நிற்கின்றன. ‘எழுது’ என்பதற்குப் பிஸாத், நபிஸாத் என இரண்டு. ‘சொல்’ என்பதற்குக் கவரீத், ஸ்கஸாத் என இரண்டு. நடந்து போவதற்கு இத்தி, ஹதீத் என இரண்டு. ஊர்தியில் போவதற்கு யேஹத், யேஸ்தித் என வேறு இரண்டு.

ஹைதராபாத்திலோ சென்னையிலோ இவற்றைக் கற்கும் மாணவர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே கற்கிறார். இது தற்செயலன்று, இதற்கு ஒரு நிறுவன வரலாறு உண்டு. அந்த வரலாற்றையும், அதன் விளைவாகத் தமிழ், தெலுங்கு மாணவர் சுமக்க நேர்ந்த தேவையற்ற சுமையையும் பற்றியது இக்கட்டுரை.

தக்காணத்துக்கும் ரஷ்ய மொழிக்கும் உள்ள தொடர்பு பழையது. த்வேர் நகரத்து வணிகர் அஃபனாசி நிகீத்தின் 1470ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாமினி சுல்தான்களின் தலைநகரான பீதரில் தங்கியிருந்தார். இன்றைய ஹைதராபாத்திலிருந்து ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவிலுள்ள ஊர் அது. ஹைதராபாத் நகரம் தோன்றுவதற்கு (1591) அப்போது இன்னும் நூறாண்டுக்கு மேல் இருந்தது. அவர் விட்டுச்சென்ற பயணக் குறிப்பு ‘மூன்று கடல்களுக்கு அப்பாலான பயணம்’ என்ற பெயரால் அறியப்படுகிறது. துருக்கியம், பாரசீகம், அரபு ஆகியவற்றின் சொற்கள் ரஷ்ய வாக்கியங்களுக்கிடையே விரவிக் கிடக்கும் நூல் அது. சந்தையில் பழகிய மொழிகளைக் கொண்டே அவர் தக்காணத்தில் வாழ்ந்தார் என்பதற்கு அந்தக் கலப்பே சான்று. அந்நூலின் தலைப்பில் ‘பயணம்’ என்று நாம் பெயர்க்கும் சொல், மேலே கூறிய ஹதீத் என்னும் வினையின் அடியிலிருந்து பிறந்த தொழிற்பெயர். இந்த வினைக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

நிகீத்தின் காலத்துக்குப் பிறகு, முறையான கல்வியாக ரஷ்ய மொழி இந்தியாவில் வேரூன்றியது விடுதலைக்குப் பின்னரே. 1955இல் பிலாய் உருக்காலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. நெய்வேலி அனல்மின் நிலையம் சோவியத் உதவியுடன் எழுந்தது. 1961இல் தொடங்கப்பட்ட இந்தியன் ட்ரக்ஸ் அண்ட் ஃபார்மசூட்டிகல்ஸ் நிறுவனத்தின் செயற்கை மருந்து ஆலை ஹைதராபாத்திலும், அறுவைக் கருவித் தொழிற்சாலை சென்னையிலும், நோயெதிர் மருந்து ஆலை ரிஷிகேசத்திலும் அதே உதவியால் அமைந்தன. வரைபடங்களைப் படிக்கவும், சோவியத் வல்லுநருடன் பேசவும் மொழி தேவைப்பட்டது. 1965இல் தில்லியில் ரஷ்ய ஆய்வு நிறுவனம் தோன்றி, 1969இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

ஹைதராபாத்தில் நிகழ்ந்தது சற்று வேறானது. 1958இல் இங்கே நிறுவப்பட்டது மத்திய ஆங்கில நிறுவனம். இந்திய அரசு ஃபோர்டு அறக்கட்டளை, பிரிட்டிஷ் கவுன்சில் ஆகியவற்றின் துணையுடன் ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காக அமைத்தது அது. 1971 ஆகஸ்டில் இந்திய சோவியத் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு இந்நிறுவனம் தன் பெயரில் ‘அயல்மொழிகள்’ என்பதையும் சேர்த்துக்கொண்டது. ரஷ்யம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகியவை அதன் பாடங்களாயின. 2007இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது ஆங்கில மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

இப்பெயரின் வரிசையே நம் சிக்கலைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் முதலில்; பிற மொழிகள் அதன்பின். ஆங்கிலம் கற்பிக்கக் கட்டிய வீட்டில்தான் ரஷ்யம் குடியேறியது. மாஸ்கோவிலிருந்து வந்த தொடக்கநிலை நூல்களும் இதற்கு ஏற்றவையாகவே இருந்தன. 1950களில் வெளிவந்து இந்தியாவில் பரவலாகப் புழங்கிய நீனா பொத்தாப்பவாவின் தொடக்கப் பாடநூல் ஆங்கிலத்தில் விளக்கம் தந்தது. பல மொழிகள் பேசும் மாணவர் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும்போது ஆங்கிலத்தைத் தேர்ந்ததில் நடைமுறை நியாயம் உண்டு; அதனை மறுக்க இயலாது. ஆனால் அத்தேர்வுக்கு ஒரு விலையும் உண்டு.

அவ்விலையை முதல் பாடத்திலேயே காணலாம். ‘நான் மாணவன்’ என்பதற்கு ரஷ்யத்திலும் இரண்டே சொற்கள். நிகழ்காலத்தில் இணைப்பு வினை இல்லை. ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதை ரஷ்யர் ‘உ மினியா யெஸ்த் க்னீகா’ என்பர். சொல்லுக்குச் சொல் ‘என்னிடம் இருக்கிறது புத்தகம்’ என்றே அமைகிறது. புத்தகம் இல்லையெனில் ‘நியெத்’ என்னும் திரியாத சொல் வருகிறது, நம் ‘இல்லை’யைப் போல. ‘எனக்குக் குளிர்கிறது’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்கு வேண்டும்’, ‘எனக்கு இருபது வயது’ என்ற நான்கையும் ரஷ்யம் ‘ம்னியே’, அதாவது ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமை வடிவத்தைக் கொண்டே தொடங்குகிறது.

ஆங்கில வழிப் பாடநூலுக்கு இவையனைத்தும் விலக்குகள். உடைமைக்குத் தனி வினையும், எல்லா வாக்கியத்துக்கும் எழுவாயும், இணைப்பு வினையும் உள்ள மொழியிலிருந்து பார்க்கும்போது ரஷ்யம் எதையோ விட்டுவிட்டது போலவும் தலைகீழாகச் சொல்வது போலவும் தோன்றும். ஹைதராபாத் மாணவர் தம் வீட்டில் பேசுவதுபோலவே இருக்கும் ஒன்றை, முதலில் ஆங்கிலமாக்கி, பின் அவ்வாங்கிலத்தை உடைத்து ரஷ்யமாக்குகிறார். 1956இல் எமனோ ‘மொழியியற் பரப்பாக இந்தியா’ என்ற கட்டுரையை வெளியிட்டபின், திராவிட மொழிகளும் இந்திய ஆரிய மொழிகளும் அமைப்பில் நெருங்கியவை என்பது மொழியியலில் பொதுவறிவாகிவிட்டது. எனவே தமிழுக்குக் கூறிய ‘எனக்கு’ அமைப்பு தெலுங்கு ‘நாக்கு’வுக்கும், உருது ‘முஜே’வுக்கும் பெரிதும் பொருந்தும். ரஷ்யத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று இதற்குப் பொருளில்லை. உறவற்ற மொழிகளிடையிலும் ஒத்த அமைப்பு இருக்கலாம். கற்பவருக்குப் பயன்படுவது ஒப்புமையே.

இனி, தொடக்கத்தில் கூறிய வினை இணைகள். பிஸாத் என்பது எழுதும் செயலை அதன் ஓட்டத்தில் காட்டும். நபிஸாத் அதனை முடிந்த முழுமையாகக் காட்டும். இலக்கணிகள் இதனை வினைநோக்கு என்பர். தமிழில் ‘எழுதிக்கொண்டிருந்தேன்’, ‘எழுதிவிட்டேன்’ என்னும் வேறுபாட்டை எட்டு வயதுக் குழந்தையும் தவறின்றிக் கையாளும். இதைவிட வியப்பானது எதிர்காலம். ‘பிஷூ’ என்றால் ‘எழுதுகிறேன்’. அதே நிகழ்கால விகுதியை முற்றுநோக்கு வினையில் சேர்த்து ‘நபிஷூ’ என்றால் பொருள் எதிர்காலமாகிவிடுகிறது. நிகழ்கால வடிவம் எதிர்காலப் பொருள் தருவது எப்படி என்று மாணவர் திகைப்பர். ‘நாளைக்குள் எழுதிவிடுகிறேன்’ என்று நாம் வாக்குக் கொடுக்கும்போது நிகழ்வது இதுவே. வடிவம் நிகழ்காலம், ‘விடு’ சேர்ந்ததால் பொருள் எதிர்காலம். ஒரு தமிழ் வாக்கியத்தில் முடியும் விளக்கம் இது.

அடுத்து நிகீத்தினின் வினை. இத்தி என்பது ஒரு திசை நோக்கிய ஒற்றைச் செலவு. ஹதீத் பல முறை போவதையும், இறந்த காலத்தில் போய்த் திரும்பியதையும் குறிக்கும். ‘நேற்றுக் கடைக்குப் போனேன்’ என்பதற்கு ஆங்கிலம் தரும் வாக்கியத்தில் திரும்பிய செய்தி வடிவத்தில் இல்லை. தமிழில் ‘போய்வந்தேன்’ என்கிறோம். தெலுங்கரும் ‘வெள்ளி வச்சானு’ என்பர். ஹைதராபாத்தின் தக்கனி உருதுவில் ‘ஜாகே ஆயா’ என்பர். இம்மூன்று மொழிகள் ஒலிக்கும் நகரத்தில் ஹதீத் என்னும் வினையை ஆங்கிலத்தால் விளக்க அரைப்பக்கம் செலவாகிறது.

ஒப்புமை முடியும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழில் ‘விடு’ விருப்பத்துக்குரியது. நிம்மதி, வருத்தம் போன்ற பேசுவோன் மனநிலையையும் ஏற்கும். ரஷ்யத்தில் வினைநோக்குக் கட்டாயம். பெரும்பாலான வினைகள் ஏதேனும் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். நடந்து போவதையும் ஊர்தியில் போவதையும் தமிழ் வினை பிரிக்க வேண்டியதில்லை, ரஷ்யம் பிரிக்கிறது. மறுபுறம், தமிழ் காட்டாயமாகப் பிரிக்கும் ஒன்றை ரஷ்யம் பிரிப்பதில்லை. தா, வா ஆகியவை தன்மை, முன்னிலை இடங்களுக்கும், செல், கொடு ஆகியவை படர்க்கைக்கும் உரியவை எனத் தொல்காப்பியம் வரையறுத்தது. ரஷ்யத்தில் ‘இங்கே வா’, ‘அங்கே போ’ இரண்டுக்கும் ‘இதீ’ என்னும் ஒரே ஏவல் போதும். தமிழ் மாணவர் உண்மையில் இடறக்கூடிய இடங்கள் இவையே. வகுப்பு நேரம் இங்கே செலவாக வேண்டும். அது ஆங்கிலத்தின் இடர்களைத் தீர்ப்பதில் கழிகிறது.

இத்தகைய ஒப்பீட்டுக்குக் கருவிகள் இல்லாமலும் இல்லை. அவை எதிர்த்திசையில் உருவாயின. அலெக்ஸாந்தர் மெர்வார்த் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் பயணம் செய்து, 1929இல் லெனின்கிராடில் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டே கைதாகி, 1932இல் சிறைமுகாமில் இறந்தார். 1960இல் பியாத்திகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ் ரஷ்ய அகராதி வந்தது. ஏறத்தாழ 38,000 சொற்கள். 1965இல் அந்திரோனவ் முதலியோரின் ரஷ்ய தமிழ் அகராதி வந்தது. அந்திரோனவின் தமிழ் இலக்கணம் 1969இல் சென்னை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தாரால் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. தமிழின் துணைவினைகளை ரஷ்ய வினைநோக்கில் ஊறிய கண்கள் உற்றுநோக்கிய நூல்கள் இவை. மாஸ்கோப் பதிப்பகங்களின் தமிழ்ப் பிரிவில் பணியாற்றிய மொழிபெயர்ப்பாளர்களோ பல்லாயிரம் பக்கங்களில் ரஷ்ய வினை ஒவ்வொன்றுக்கும் ‘விட்டான்’ இடுவதா, ‘கொண்டிருந்தான்’ இடுவதா என்று முடிவெடுத்தனர். அம்முடிவுகள் அனைத்தும் அச்சில் உள்ளன. அவற்றை ரஷ்ய மூலத்துடன் ஒப்பிட்டால் ஒரு பாடநூலுக்குரிய தரவு கிடைத்துவிடும்.

1991க்குப் பிறகு அப்பதிப்புலகம் மறைந்தது, தேவை மறையவில்லை. மருத்துவம் பயில ரஷ்யா செல்லும் தமிழ், தெலுங்கு மாணவர், 1988 ஒப்பந்தத்தின் வழிவந்த கூடங்குளம் அணுமின் நிலையம், ரஷ்யச் சந்தையில் நிலைபெற்ற ஹைதராபாத் மருந்து நிறுவனங்கள் என அது வடிவம் மாறியிருக்கிறது. மருத்துவமனையில் நோயாளியிடம் ‘மருந்து எடுத்துக்கொண்டிருந்தீர்களா, எடுத்துவிட்டீர்களா’ என்று கேட்க வேண்டிய மாணவருக்கு வினைநோக்கு வெறும் இலக்கணச் செய்தியன்று.

செய்ய வேண்டியது பெருஞ்செலவுத் திட்டமன்று. முதல் பருவத்து வினைப் பட்டியலை மூன்றாகப் பகுக்கலாம்: தாய்மொழியிலிருந்து நேரே செல்லக்கூடியவை, பாதி ஒப்பானவை, முற்றிலும் புதியவை. அப்பகுப்பைத் தமிழுக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று, உருதுவுக்கு ஒன்று என எழுதலாம். தொடக்கநிலை மாணவரின் பிழைகளைத் தாய்மொழி வாரியாகத் தொகுத்தால், எவை ஆங்கிலத்தின் பிழைகள், எவை தமிழின் பிழைகள் என்பது தெளிவாகும். ரஷ்யத் துறையும் திராவிட மொழியியலும் ஒரே வளாகத்தில் அல்லது ஒரே நகரத்தில் இயங்கும் இடங்களில் இதனை ஒரு முதுகலை ஆய்வேடாகவே தொடங்கிவிடலாம்.